தாராசுரத்துக்கு இரண்டு லென்ஸ் போதும்

கும்பகோணம் போய் வந்தேன் என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கோயில் பார்த்தீங்க?" என்பதுதான்.

"ஒரே கோயில்தான். அதிலும் முக்கால்வாசி நேரம் ஒரே ஒரு சிற்பத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அது ஓர் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்" என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! அந்த உள்ளங்கை அகலத்துக்காக நான் இரண்டு தடவை ரயில் ஏறினேன். முதல் தடவை மூன்றரைக் கிலோ சாமான் சுமந்து போய், வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் தடவை என் தோளில் இருந்தது முக்கால் கிலோவுக்கும் குறைவு. காரியம் முடிந்தது! இடையில் நான் பட்டதையும் கற்றதையும் உங்களிடம் சொன்னால், காமிரா வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு நாலு காசாவது மிச்சமாகும். தோள் வலியும் மிச்சமாகும்.

அத்தையின் ஆசை

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா அந்த ஊரில் பிரசவம் பார்த்தவர். "எங்க ஊர்ல அந்தக் காலத்துப் பிள்ளைங்க பாதிப் பேரை முதல்ல தொட்டது எங்கம்மா கைதான்" என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

அந்த அம்மா மகளிடம் ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தாராம். "தாராசுரம் கோயில்ல ஒருத்தி பிரசவத்துக்கு நிக்கிறா. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு தாங்கிக்கிட்டு இருக்காளுங்க. நம்ம தொழிலையும் ஒருத்தன் கல்லுல செதுக்கி வச்சிருக்கான், பாரு!" என்று. அத்தை சிறுபிள்ளையாக ஒரு தடவை போயிருக்கிறார். ஆனால் யானையையும் குதிரை பூட்டிய தேரையும் பார்த்த சந்தோஷத்தில் அதைத் தேடவே இல்லை. அப்புறம் கல்யாணம், குடித்தனம், பிள்ளைகள், திருச்சி வாசம். போகவே வாய்க்கவில்லை.

இரண்டு வருஷமாக அத்தைக்குப் பார்வையில் கோளாறு. "கதவு நிலை வளைஞ்சு தெரியுது. உன் முகத்தைப் பார்த்தா நடுவுல ஒரு கறை" என்றார். கண்புரையாக இருக்கும், அறுவைக்குச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனோம். விழித்திரையின் நடுப்பகுதி வயதினால் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை மங்கும். கண்ணாடி மாற்றிப் பயனில்லை. பெரிதாகவும் பளிச்சென்றும் காட்டினால் ஓரளவு தெரியும் என்றார். (வீட்டில் பெரியவர்கள் இருக்கும் சகோதரிகள் இதை ஞாபகத்தில் வையுங்கள். ஜன்னல் கம்பி, கதவு நிலை, தரையில் பதித்த ஓட்டின் கோடு, இவை வளைந்து தெரிகின்றன என்று அவர்கள் சொன்னால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கண்ணை மூடி, மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். கோணலாகத் தெரிந்தால் அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சில வகைகளில் சீக்கிரம் போனால் மிச்சப் பார்வையைக் காப்பாற்ற முடியும்.)

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்த தாராசுரத்துக் கல்லை மட்டும் பார்க்காமலே போயிட்டேன்மா."

கடைக்காரர் கட்டிக் கொடுத்த மூட்டை

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தனார் தன் பழைய காமிராவை எனக்குக் கொடுத்தார். ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2. 2015-ல் வந்த மாடல். இதை 'மிர்ரர்லெஸ்' என்கிறார்கள். முன்பெல்லாம் பெரிய காமிராக்களின் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அதுதான் நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். 2008-ல் பானசோனிக் கம்பெனி, லென்ஸ் மாற்றக்கூடிய காமிராவிலிருந்து அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டது. உடம்பு ஒல்லியாகிவிட்டது! என்னுடையது பாட்டரியோடு சேர்த்து 390 கிராம்தான். அரைப்படி அரிசியை விட லேசு.

"போன்லயே எடுக்கலாமே, இது எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். இருட்டு மண்டபத்தில், சின்னச் சிற்பத்தை, பெரிதாக்கினாலும் உடையாதபடி எடுக்க வேண்டும் என்றேன். "அப்ப சரியான சாமானா வாங்கிக்கோ" என்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

காமிராவோடு 14-42 என்ற சாதாரண ஜூம் லென்ஸ் வந்திருந்தது. நான் ஒரு கடைக்குப் போய், "கோயில் சிற்பம் எடுக்கணும்" என்றேன். யாருக்கு, எவ்வளவு பெரிய சிற்பம், எவ்வளவு தூரத்தில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தூரத்தில் உள்ளதை இழுக்கும் 40-150 ஜூம், முக்காலி, தலையில் மாட்டும் ஃபிளாஷ், ஆறு வர்ணக் கண்ணாடிகள் கொண்ட ஒரு பெட்டி, இவை எல்லாம் கொள்ளும் ஒரு பெரிய தோல் பை. கல்யாணச் சீர் மாதிரி கட்டிக் கொடுத்துவிட்டார்! பின்னால் ஒருநாள் அதை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காமிராவோடு 3 கிலோ 400 கிராம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது, பதினொரு கிலோ. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சையில் ஒரு பாடம்

2023 அக்டோபர், பள்ளிக்கூட விடுமுறை. அத்தை, நான், குழந்தை மூவரும் கிளம்பினோம். போகிற வழிதானே என்று தஞ்சாவூரில் இறங்கி, பெரிய கோயிலையும் பார்த்துவிட்டுப் போவது என்று திட்டம். அதுவே முதல் தப்பு.

இராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த கோயில். விமானம் 216 அடி. அடியில் நின்று காமிராவைத் தூக்கினால் பாதிக்கூட அடங்கவில்லை. 'அடடா, இன்னும் அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்கியிருக்கலாமே' என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் குழந்தை நந்தி மண்டபத்தைத் தாண்டி வாசல் பக்கம் ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினால்... முழு விமானமும் என் காமிராவுக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது! பிராகாரம் 500 அடி நீளம், 250 அடி அகலம். பின்னால் போக இடம் இருக்கிற வரைக்கும் நம் காலே லென்ஸ். இந்தப் பாடத்துக்கு என் மகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முக்காலியை விரிக்கவே முடியவில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலி வைப்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கிளம்புமுன் நான்தான் விசாரித்திருக்க வேண்டும். நாள் முழுக்க அதைத் தூளிக்கட்டை மாதிரி சுமந்ததுதான் மிச்சம்.

தாராசுரத்தில் இருட்டிவிட்டது

கும்பகோணத்திலிருந்து ஆட்டோ பிடித்து தாராசுரம் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. ஐராவதேசுவரர் கோயில், இரண்டாம் இராஜராஜன் காலத்தில், 12-ம் நூற்றாண்டில் எழுந்தது. இந்திரனுடைய வெள்ளை யானை ஐராவதம் பூஜித்த இடம் என்பது தலபுராணம். தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-ல் தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதோடு சேர்த்தது.

ஆனால் தஞ்சைக்கும் தாராசுரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்! அங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டும். இங்கே குனிந்து, உட்கார்ந்து, மூக்கு கல்லில் படப் பார்க்க வேண்டும். தூணுக்குத் தூண் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆட்டம், ஒரு கதை. கருவறைச் சுவரின் அடிவரிசையில் நாயன்மார் கதைகள் விரல் நீள உருவங்களாக ஓடுகின்றன. ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை என்று ஒரே தலையை இரண்டுக்கும் பொதுவாக வைத்த சிற்பம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்குக் காட்டினால் அரை மணி நேரம் நமக்கு ஓய்வு!

விசாரித்து விசாரித்து, பெரியவர் ஒருவர் கைகாட்ட, அந்தச் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றோம். பிரசவ வேதனையில் நிற்கும் ஒரு பெண். இருபுறமும் தாங்கிப் பிடித்த இரண்டு பெண்கள். எண்ணூறு வருஷத்துக்கும் மேலாகத் தாங்கிக்கொண்டே நிற்கிறார்கள்.

"எங்கேம்மா? இங்கேயா?" என்று அத்தை கிட்டத்தில் குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். "கறுப்பாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குப் பதற்றம். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. 14-42 மாட்டி எடுத்தேன், ஆடிப்போய் வந்தது. 40-150 மாட்டினேன், நாலடி பின்னால் போனால்தான் தெளிவே கிடைக்கிறது, போனாலோ இன்னும் ஆட்டம். லென்ஸைக் கழற்றும்போது குழந்தை இடுப்பில், மூடி வாயில்! பன்னிரண்டு படம் எடுத்தேன். ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் பன்னிரண்டும் பஞ்சுப் பொதி.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "போனா போகுது. தொட்டுப் பார்த்தேனே, அது போதும்" என்றார். அந்த 'போதும்' தான் எனக்குத் தூக்கம் வரவிடவில்லை.

பைக்குள் பூத்த பூஞ்சை

வந்த அலுப்பில் தோல் பையை அப்படியே பீரோவில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், பெரிய ஜூமுக்குள்ளே சிலந்தி வலை போல் வெள்ளை நூல்! பூஞ்சை. ரிப்பேர்க்காரர் சுத்தம் செய்து கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணாடி மேலே இருக்கிற பூச்சையே அரிச்சிருக்கும்மா. தோல் பை ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும்" என்றார்.

அவர் சொன்ன வழி நம் அடுக்களை வழிதான். அப்பளம் நமுத்துப்போகாமல் எப்படி வைப்போம்? இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரம் குடித்தால் நிறம் மாறுகிற வகை கிடைக்கிறது. நீல நிறம் வேண்டாம். அதில் சேரும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு வகையே கேட்டு வாங்குங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். ஆனால் சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுவிடும், ஜாக்கிரதை! டப்பா மேல்தட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. லென்ஸில் தூசி விழுந்தால் நம் கை தானாகப் புடவைத் தலைப்புக்குப் போகும். கூடாது! அடுக்களைத் தலைப்பில் எண்ணெயும் மாவும் இருக்கும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடைக்க வேண்டும்.

எண்களின் சூட்சுமம்

சுத்தமான ஜூமையும் முக்காலியையும் ஃபிளாஷையும் வர்ணக் கண்ணாடிகளையும் நஷ்டத்துக்குத்தான் விற்றேன். இந்தத் தடவை கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதினேன். எதை எடுக்கப் போகிறேன்? உள்ளங்கை அகலச் சிற்பம். எங்கே? வெளிச்சம் குறைந்த மண்டபம். யாருக்கு? நடுப் பார்வை மங்கிய ஒருவருக்கு.

இந்த மூன்றுக்கும் பதில் எழுதியதும், எந்த லென்ஸ் என்பது தானே வந்துவிட்டது.

லென்ஸில் இரண்டு எண் பார்க்க வேண்டும். முதல் எண் மில்லிமீட்டர். சின்ன எண் என்றால் காட்சி அகலம். பெரிய எண் என்றால் காட்சி குறுகி, பொருள் பெரிதாக வரும். என் காமிரா மாதிரி 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' வகையில் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டால், பழைய ஃபிலிம் காமிராக் கணக்கு வரும். 45 என்றால் 90.

இரண்டாவது எண் எஃப். இது கொஞ்சம் தலைகீழ். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலம், வெளிச்சம் அதிகம். என் பழைய ஜூமைக் கடைசி வரை இழுத்தால் எஃப் 5.6. நான் தேர்ந்தெடுத்த 45 மி.மீ. ஒலிம்பஸ் லென்ஸ் எஃப் 1.8. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! தாராசுரத்தில் எனக்குப் பற்றாமல் போனது அதுதான். எடை 116 கிராம். ஒரு எலுமிச்சம்பழ அளவு. ஜூம் கிடையாது. ஒன்றரை முழத்துக்கும் குறைவாக, அதாவது 50 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். அந்த நெருக்கத்தில் ஏறக்குறைய ஆறு அங்குல அகலம் படத்தை நிரப்பும். உள்ளங்கைச் சிற்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல! குழந்தை முகம் எடுக்கவும் இதைவிட நல்ல லென்ஸ் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவதாக 17 மி.மீ., அதுவும் எஃப் 1.8, 120 கிராம். மண்டபத்தையும் மனிதர்களையும் சேர்த்து எடுக்க. சமையலறையில் நின்று வீட்டார் எல்லோரையும் பிடிக்கவும் இதுதான். இரண்டுமே பழசு, பார்த்து வாங்கியவை. பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் விளக்கைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளை நூல் தெரிந்தால் எத்தனை மலிவு என்றாலும் வேண்டாம்.

இரண்டுக்கும் முன்னால் ஹுட் என்னும் குழல் மாட்டினேன். வெயிலை மறைக்கத்தான் அது. எனக்கோ முறுக்குக் கையிலிருந்து கண்ணாடியைக் காக்க உதவுகிறது.

முக்காலிக்கு என்ன செய்தேன் என்கிறீர்களா? இந்தக் காமிராவின் உள்ளேயே கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு இருக்கிறது. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினால் போதும்.

கழுத்தா, தோளா, மணிக்கட்டா?

பட்டை விஷயத்தில்தான் நம் பெண்களுக்குத் தனிக் கணக்கு. காமிராவோடு வரும் பட்டை கழுத்தில் மாட்டுவது. தாலிச் சங்கிலி உள்ள கழுத்தில் காமிராவும் தொங்கினால் என்ன ஆகும்? பின்பக்கத் திரை முழுக்கக் கீறல்! என் திரையில் ஒரு மாதத்தில் விழுந்தது. கண்ணாடித் தகடு ஒன்று ஒட்டிய பிறகுதான் நின்றது. நூறு, இருநூறு ரூபாய் சமாசாரம். முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

மணிக்கட்டில் மாட்டும் கயிறு லேசாக, அழகாக இருந்தது. ஆனால் குழந்தையைத் தூக்கித் தூக்கி எனக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் சுருக்கென்று வலி. கைக்குழந்தைக்காரிகளுக்கு இது சகஜமாம். குழந்தையை அக்குளில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்காமல், அடியில் உள்ளங்கை கொடுத்து அள்ளித் தூக்கச் சொன்னார் டாக்டர். அதே விதிதான் காமிராவுக்கும்! இடக்கை உள்ளங்கை லென்ஸுக்கு அடியில். வலக்கை வெறுமனே அணைத்துக்கொள்ள வேண்டியது. காமிராவுக்கு அடியில் ஒரு பிடி மாட்டியதும் கட்டைவிரலுக்கு இன்னும் ஆறுதல்.

கடைசியில் எனக்குப் பொருந்தியது குறுக்குப் பட்டை. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. குழந்தை இடது இடுப்பில். காமிரா வலது இடுப்பில். இரண்டும் முட்டிக்கொள்ளாது. பட்டை இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். நூல் மாதிரி இருந்தால் தோளை அறுக்கும். ஒரே இழுப்பில் நீளம் குறையும் வகையாக இருந்தால் உத்தமம். உலோகக் கொக்கி வெளியே துருத்தாமல் பாருங்கள். புடவைக் கொசுவத்தில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு போதும். வாங்கியதும் காமிராவை மாட்டி, மெத்தை மேல் பிடித்துக்கொண்டு, நன்றாக இழுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

துண்டு கொடுத்த வெளிச்சம்

ஃபிளாஷை ஏன் விற்றேன் என்று சொல்லவில்லையே! வீட்டு அம்மிக்கல்லை வைத்துப் பரீட்சை பண்ணினேன். ஃபிளாஷ் அடித்து எடுத்தால் கொத்திய புள்ளிகளே தெரியவில்லை. இட்லி மாதிரி வழவழவென்று வந்தது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு உளிக்கொத்தும் நிழலோடு எழுந்து நின்றது. கல்லுக்கு உயிர் நிழலில்தான் இருக்கிறது. நேரே அடிக்கும் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும்.

2024 தை மாதம். இந்தத் தடவை தஞ்சாவூரில் இறங்கவில்லை. முதல் நாள் இரவே கும்பகோணம் போய்த் தங்கி, காலையில் தாராசுரம். காமிரா, இரண்டு லென்ஸ், உபரி பாட்டரி ஒன்று, குழந்தைக்கு முகம் துடைக்க ஒரு வெள்ளைத் துண்டு. அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து 45-ஐ மாட்டினேன். முதல் படம் தெளிவு. ஆனால் முகம் தெளிவாக இருக்கிறதே தவிர, தாங்கும் கைகள் மங்கல். எஃப் 1.8-ல் இவ்வளவு கிட்டே போனால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும். வாயைக் குறுக்கி எஃப் 4 வைத்தால் ஆழம் இரண்டு மடங்கு. ஆனால் வெளிச்சம் பற்றாது.

யோசித்துக்கொண்டே இருந்தபோது, வெளியே வெயில் விழுந்த தரைப் பக்கம் குழந்தை துண்டை விரித்து விளையாடியது. சட்டென்று சிற்பத்தின் ஒரு பக்கம் லேசாக விடிந்தது போல் இருந்தது!

"அத்தை, அந்தத் துண்டை வாங்கி இப்படி விரிச்சுப் பிடிங்களேன்!"

அத்தை பிடித்தார். "இப்படியா? இன்னும் மேலேயா?" என்று அவர் அசைக்க அசைக்க, கல்லின் மேல் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. "அங்கேயே, அங்கேயே!" என்றேன். எழுபத்தாறு வயசுக் கை ஆடாமல் நின்றது. எனக்குத்தான் கை ஆடியது. எட்டுப் படம் எடுத்தேன்.

"வந்துச்சாம்மா?" என்றார் அத்தை.

"வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் அத்தை" என்றேன். சின்னத் திரையை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் நான்.

ஓரக்கண்ணால் பார்த்தது

வீட்டுக்கு வந்ததும் காமிராவிலிருந்து டி.வி.க்கு ஒயர் போட்டார் இவர். (அதற்கென்று ஒரு ஒயர் உண்டு; பெயர் எச்.டி.எம்.ஐ., காமிரா பக்கம் சின்ன முனை. நான் வாங்கிய துணைச் சாமான்களில் மலிவானதும் பெரிய உபகாரம் செய்ததும் அதுதான்.) படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளுப்பையும் கறுப்பையும் நன்றாகப் பிரித்து வைத்தோம். மூன்றடி அகலத்தில் அந்தப் பெண் நின்றாள்.

அத்தை நாற்காலியை டி.வி.க்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நேரே பார்க்கவில்லை. கோழி பார்ப்பது போல் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். நடுப் பார்வை போனவர்கள் அப்படிப் பழகிக்கொள்வார்களாம். அறையில் யாரும் பேசவில்லை. குழந்தைகூட.

வெகு நேரம் கழித்து, விரலால் திரையைத் தொட்டார்.

"இந்தக் கையைப் பாரு. பயப்படாத கை. எங்கம்மா இப்படித்தான் பிடிப்பா. நீ விழ மாட்டேடி, நான் இருக்கேன்னு சொல்ற மாதிரி... என் மூத்தவன் பிறக்கிறப்ப என்னையும் இப்படித்தான் பிடிச்சா."

என் வீட்டுக்காரர்தான் அந்த மூத்தவர். ஒயரின் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "போன்லயே எடுக்கலாமே" என்று அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அத்தையின் கட்டிலுக்குப் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறோம். எதிரே மாட்டவில்லை, ஓரக்கண்ணுக்குத்தானே தெரிய வேண்டும்!

இந்த வருஷம் கங்கைகொண்ட சோழபுரம் போகலாம் என்று பேச்சு. "புதுசா ஏதாவது லென்ஸ் வேணுமா?" என்று இவரே கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் உள்ளிருந்து அத்தையின் குரல்: "லென்ஸெல்லாம் இருக்கிறது போதும். துண்டுதான் இன்னொண்ணு எடுத்துக்கோ!"